அணு அக்காவின் எண்பத்து நான்கு

வலது முழங்கால் மேலே வரும்போதெல்லாம் உதடு லேசாக அசைகிறது. இடது முழங்காலுக்கு அசைவதில்லை. ஒன்றை எண்ணினால் போதும், மற்றது கூடவே வந்துதானே ஆகவேண்டும். காலை ஐந்தரை மணி. வாஷிங் மெஷினுக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவில், பின்சக்கரத்தை இரும்புத் தாங்கியில் பூட்டி நிறுத்திய சைக்கிள். அதன்மேல் அணு அக்கா. நிமிடத்துக்கு எத்தனை மிதி என்று காட்டும் சின்னத் திரை ஹேண்டில்பாரில் இருக்கிறது. ஆனால் அதை வெள்ளைப் பிளாஸ்திரியால் மூடிவைத்திருக்கிறார்.

"எண்பத்தொண்ணு," என்கிறார்.

இஸ்திரி மேசையில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும் கணவர், பிளாஸ்திரியின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கிறார். "எண்பத்து மூணு. ரெண்டு கம்மியா சொல்றே."

"ரெண்டு பரவாயில்லை. லேப்ல அஞ்சு வரைக்கும் விடுவோம்."

லேப் என்றால் ரத்தப் பரிசோதனைக் கூடம். இருபத்திரண்டு வருடங்களாக அங்கேதான் வேலை. ரத்தத்தின் அணுக்களை இப்போதெல்லாம் இயந்திரமே எண்ணிவிடுகிறது. ஆனால் இயந்திரத்துக்குச் சந்தேகம் வந்தால் அது சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும். அந்த ரத்தத்தைத் தடவிய கண்ணாடித் துண்டு மட்டும் அக்காவின் மேசைக்கு வரும். கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்து, இடது கையால் எண்ணும் கருவியின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டே நூறு வெள்ளணுக்களை வகைவகையாகப் பிரித்து எண்ணி எழுதுவார். அதனால்தான் இந்தப் பெயர். புதிதாகச் சேர்கிறவர்கள் அவருடைய சொந்தப் பெயரே அனு என்று நினைத்துக்கொண்டு, வருகைப் பதிவேட்டில் தேடித் தேடிக் களைத்துப்போவார்கள். "அது மூணு சுழி ‘ண’ப்பா," என்று யாராவது சொல்லித் தெளியவைக்க வேண்டும்.

வயது நாற்பத்தெட்டு. ஒல்லி என்று சொல்ல முடியாது, பருமன் என்றும் சொல்ல முடியாது. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுகிற ரகம். எதையும் மூன்று முறை பார்க்காமல் நம்பமாட்டார். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். அடுப்பில் இருப்பதில் உப்பு சரியா என்று மூன்று முறை சுவைப்பார், அதற்குள் பாத்திரத்தில் கால்வாசி காலியாகியிருக்கும். அவருக்குப் பிடிக்காத சொல் ஒன்றே ஒன்றுதான்: ‘எல்லாரும்’. "எல்லாரும் சொல்றாங்க" என்று யாராவது ஆரம்பித்தால், கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு, "எத்தனை பேரு?" என்று கேட்பார். கேலியாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் அவருக்கு.

இப்படிப்பட்டவர் பந்தயத்துக்குள் வந்தது முதுகுவலியால். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்ததில் முதுகு பிடித்துக்கொள்ள, நீந்தச் சொன்னார் டாக்டர். நீச்சல்குளத்தின் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. நீச்சல் ஒன்றரைக் கிலோமீட்டர், சைக்கிள் நாற்பது, ஓட்டம் பத்து. மூன்றையும் மூச்சுவிடாமல் அடுத்தடுத்துச் செய்ய வேண்டும், நாலு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஈரத்தலையோடு நின்று அதை வாசித்தார், மூன்று முறைதான். "மூணையும் ஒரே நாள்ல செய்யும்போது உடம்பு எதை முதல்ல விட்டுக்குடுக்கும்னு பாக்கணும்," என்று வீட்டில் வந்து சொன்னார். பள்ளிப் பேருந்து ஓட்டும் கணவர், "வீட்டைத்தான்," என்றார்.

சென்ற வருடம் முதல்முறையாகக் கலந்துகொண்டார். நீச்சலில் கடைசிக்கு முந்தின ஆளாக வந்தார், அது எதிர்பார்த்ததுதான். சைக்கிளில் ஆளே மாறிவிட்டார். கனமான கியரைப் போட்டு, ஒவ்வொரு மிதியையும் அழுத்தி அழுத்தி, வழியிலிருந்த ஏற்றத்தில் பதினொரு பேரை முந்தினார். முந்தியவர்களை எண்ணாமல் இருப்பாரா. சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடத் தொடங்கியபோதுதான் கால்கள் தன்னுடையவை இல்லை என்று தெரிந்தது. தொடை இரண்டும் மரக்கட்டை. முதல் கிலோமீட்டர் ஓட்டமும் நடையுமாக, மூன்றாவது வெறும் நடையாக. ஆறாவது கிலோமீட்டரில், பந்தயம் நடத்துகிறவர்களின் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் கை நீட்டி நிறுத்தினாள். "நேரம் முடிஞ்சிருச்சு ஆன்ட்டி," என்று சொல்லிவிட்டு, மண்டியிட்டு, அவருடைய கணுக்காலில் கட்டியிருந்த நேரம் பதியும் பட்டையை அவிழ்த்துக்கொண்டாள். அந்தப் பெண் அதை மிகவும் மெதுவாக, மரியாதையாகச் செய்தாள். அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

அழவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "சைக்கிள்ல நல்லாத்தானே வந்தேன்?" என்று கேட்டார்.

"வண்டி நல்லாத்தான் வந்துச்சு," என்றார் கணவர். "இன்ஜின் சூடேறினது உனக்குத் தெரியலை, அவ்வளவுதான்."

அந்த வாக்கியம் அக்காவின் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. தோற்றதைவிட, ஏன் தோற்றோம் என்று தெரியாமல் இருப்பதுதான் அவருக்குப் பெரிய அவமானம். சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சும்மா நிற்கும் இயந்திரத்துக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தார். போதாக்குறைக்கு, பந்தயம் நடத்துகிறவர்கள் ஒரு செய்தி அனுப்பினார்கள்: இந்த வருடத்தோடு நாலு மணி நேர வரம்பு முடிகிறது, அடுத்த வருடத்திலிருந்து மூன்றரை. மூன்றரை மணி நேரத்தில் முடிக்க அக்காவால் ஆகாது, அது அவருக்கே தெரியும். இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு.

ஞாயிறுதோறும் சேர்ந்து ஓட்டும் சைக்கிள் குழுவின் பயிற்சியாளரிடம் போனார். அவருக்குக் குழுவில் ‘தொண்ணூறு’ என்று பெயர். தொழில் கட்டட வரைபடம் போடுவது. முப்பத்தைந்து வயது, கெண்டைக்கால் இரண்டும் கடைந்தெடுத்த மாதிரி. யார் எந்தக் குறை சொன்னாலும் ஒரே மருந்துதான் வைத்திருந்தார். முட்டி வலிக்கிறதா? நிமிடத்துக்குத் தொண்ணூறு மிதி மிதிக்கவும். ஓட்டத்தில் கால் இறுகுகிறதா? தொண்ணூறு. தூக்கம் வரவில்லை என்றாலும் தொண்ணூறுதான் சொல்வார் என்று குழுவில் ஒரு பேச்சு.

"நீங்க போன தடவை அறுபது அறுபத்திரண்டுல அழுத்திட்டு வந்திருக்கீங்க அக்கா. அதான் தொடை போச்சு. லேசான கியரைப் போட்டு வேகமா சுத்துங்க. தொண்ணூறு."

"ஏன் தொண்ணூறு? எண்பத்தஞ்சு ஏன் இல்லை?"

"எல்லாரும் தொண்ணூறுதான் மிதிக்கிறாங்க."

கண்ணாடி இறங்கி மூக்குக்கு வந்தது. "எத்தனை பேரு?"

"பெரிய பெரிய ஆளுங்கக்கா. ஜெயிக்கிறவங்க."

"அவங்க கால் எனக்கு இல்லையே தம்பி."

அவர் குனிந்து தன் கெண்டைக்காலைப் பார்த்துக்கொண்டார். நியாயமான மனிதர். "செஞ்சு பாத்துட்டு எனக்கும் சொல்லுங்க," என்றார்.

செய்து பார்த்தார். பின்னறையில் சைக்கிளைத் தாங்கியில் பூட்டினார். வேகம் எப்போதும் ஒன்றே. கியரையும் மிதியையும் மட்டும் மாற்றுவது. அறுபது, எழுபது, எண்பது, தொண்ணூறு, நூறு. ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் மிதித்துவிட்டு, உடனே இறங்கி, குடியிருப்பைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் ஓடுவது. ஒவ்வொன்றையும் மூன்று முறை. ஆக மொத்தம் பதினைந்து காலைகள், நடுவில் ஓய்வு நாட்கள் வேறு. எதிர்வீட்டுக்காரர், தலையில் துண்டு கட்டிய நாயைப் பார்ப்பவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு பால்கனியிலிருந்து பார்ப்பார். ஒருநாள் கணவரிடம், "வீட்டம்மாவுக்கு எதாவது பிரச்சினைங்களா?" என்றே கேட்டுவிட்டார். "இல்லைங்க, கணக்கு," என்றார் இவர்.

கட்டம் போட்ட நோட்டில் ஐந்து பத்தி: மிதி, நாடித்துடிப்பு, மூச்சு, ஓட்ட நேரம், கடைசியாக ‘கால் என்ன சொல்லுச்சு’. முதல் நான்கிலும் வெறும் எண்கள். ஐந்தாவதில்தான் அக்கா எழுத்தாளராகிவிட்டார். அறுபதுக்கு நேரே, ‘மூச்சு ஜாலி. கால் கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுச்சு.’ நூற்றுக்கு, ‘கால் சிரிக்குது, மூச்சு திட்டுது.’ தொண்ணூற்றுக்கு, ‘யாரோ துரத்துற மாதிரி. ஓடினா ஓட முடியுது. ஆனா பயமா இருக்கு.’ எண்பதுக்கு மூன்று நாளும் ஒரே வாக்கியம்: ‘பேசிக்கிட்டே வரலாம்.’

எண்பதில் இறங்கி ஓடிய மூன்று நாளும் இரண்டு கிலோமீட்டரைப் பதினைந்து நிமிடத்துக்குள் முடித்திருந்தார். அறுபதில் பதினெட்டு. தொண்ணூற்றில் பதினைந்தரை. அதற்குப் பிறகு எண்பத்திரண்டு, எண்பத்து நான்கு, எண்பத்தாறு என்று நுணுக்கிப் பார்த்து, எண்பத்து நாலில் வந்து நின்றார். தொண்ணூறிடம் கொண்டுபோய் நோட்டைக் காட்டினார். அவர் வெகுநேரம் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இது உங்க காலுக்குத்தான் அக்கா. மத்தவங்களுக்குச் சொல்லிடாதீங்க, என் பேரு போயிடும்," என்றார்.

அடுத்த சிக்கல், ஏற்றத்தில் எண்பத்து நாலை எப்படிக் காப்பாற்றுவது என்பது. சமதரையில் எந்தக் கியரிலும் காப்பாற்றிவிடலாம். மேடு வந்தால் கால் தானாக மெதுவாகி, அழுத்த ஆரம்பித்துவிடும். பின்சக்கரத்தில் இருந்த பல்சக்கர அடுக்கைக் கழற்றிவிட்டு, கடைசிச் சக்கரம் தட்டு மாதிரிப் பெரிதாக இருக்கும் வேறு அடுக்கை மாட்டச் சொன்னார். சக்கரம் பெரிதாக இருந்தால் மிதி லேசாகும். "இது மலைக்குப் போறவங்க போடுறதும்மா," என்றார் கடைக்காரர். "எனக்கு எல்லாமே மலைதான்," என்றார் அக்கா.

இந்த விஷயத்தில் கணவருக்கும் சொல்ல ஒன்று இருந்தது. முப்பது வருடம் கனரக வண்டி ஓட்டியவர். "ஏத்தத்துல ஏறிட்டுக் கியரை இறக்காதே. ஏத்தம் வர்றதுக்கு முன்னாடியே இறக்கிடு. நடுவுல இறக்கினா வண்டி திணறும், உள்ளே இருக்கிற பிள்ளைங்க எல்லாம் முன்னாடி வந்து விழும்."

"என் வண்டியில பிள்ளைங்க இல்லைங்க."

"முட்டி ரெண்டு இருக்கில்ல."

பந்தய நாள். ஏரி நீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. அக்கா நாற்பத்து மூன்று நிமிடத்தில் கரையேறினார், போன வருடத்தைவிட மூன்று நிமிடம் குறைவு. உடை மாற்றி, ஓடுவதற்கு வைத்திருந்த ஷூவையே மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். மிதிக்கட்டையில் பூட்டிக்கொள்ளும் தனி ஷூ மற்றவர்களிடம் இருந்தது. அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. "கால் எனக்குக் கட்டுப்படணும், சைக்கிளுக்கு இல்லை."

இருபது இருபதாக இரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஏற்றம், ஒன்றரைக் கிலோமீட்டர், அதில் கடைசி எழுநூறு மீட்டர் செங்குத்து. முதல் சுற்றில் எல்லாம் நோட்டில் எழுதியபடியே நடந்தது. ஏற்றத்துக்கு ஐம்பது மீட்டர் முன்பே கியரை இறக்கினார். தட்டுச் சக்கரத்தில் சங்கிலி ஏறியதும் கால்கள் தானாகச் சுழன்றன. அழுத்தி அழுத்தி ஏறியவர்கள் ஒன்பது பேர் அவரை முந்தினார்கள். எண்ணினார், வருத்தப்படவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்தபோது போன வருடத்துத் தன் முகத்தைக் கண்டார்.

இரண்டாவது சுற்றில், ஏற்றத்துக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது, வலது கைக்குக் கீழே ‘டப்’ என்று ஒரு சத்தம். கியரை மாற்றும் கம்பி, கைப்பிடிக்குள்ளேயே அறுந்துவிட்டது. அறுந்தால் சங்கிலி தானாகவே எல்லாவற்றிலும் சின்னச் சக்கரத்துக்கு, அதாவது இருப்பதிலேயே கனமான கியருக்குப் போய் விழுந்துவிடும். விழுந்தது. ஐம்பது மிதி தாண்டவில்லை, தொடையில் அந்தப் பழைய இறுக்கம் எட்டிப் பார்த்தது. அக்கா ஓரம்கட்டி இறங்கினார்.

நின்ற இடத்திலிருந்து முப்பது அடியில் கணவர். ஏற்றத்தின் அடியில் நின்று பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தவர், முன்னாலேயே நடந்து வந்திருந்தார். சைக்கிள் நின்றதைப் பார்த்ததும் ஓட்டமாக வந்தார். தொய்ந்து கிடந்த கம்பியைப் பார்த்ததும் கை தானாக நீண்டது.

"சார், தொடக் கூடாது." மஞ்சள் சட்டைப் பெண் ஒருத்தி குறுக்கே வந்தாள். "வெளியாள் தொட்டா அவங்களைப் போட்டியிலேருந்து எடுத்துடுவாங்க."

முப்பது வருடத்தில் நடுரோட்டில் நின்ற எத்தனையோ வண்டிகளைக் கிளப்பியவர். கையை இழுத்து, இரண்டு அக்குளிலும் திணித்துக்கொண்டார். "நான் சொல்லவாவது செய்யலாமா?"

"பேசாதீங்க. அதுவும் உதவிதான்," என்றார் அக்கா, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டே.

இந்தப் பழுதுக்கு ஒரு வழி உண்டு. குழுவின் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் ஒன்றில் தொண்ணூறு செய்து காட்டியிருக்கிறார். சட்டத்தின் மேல் வெளியே தெரியும் கம்பியைக் கையால் இழுத்தால், சங்கிலி ஒவ்வொரு சக்கரமாக உள்ளே ஏறும். வேண்டிய இடத்தில் நிறுத்தி, தண்ணீர்ப் பாட்டில் தாங்கியின் திருகில் கம்பியைச் சுற்றி முறுக்கிவிட்டால் அந்தக் கியர் அங்கேயே நிற்கும். பின்னால் ஒரே கியர்தான், கடைசிவரை. முன்னால் மிதிக்கட்டையோடு இருக்கும் இரண்டு பல்சக்கரங்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மீதி இருக்கும் பதினெட்டுக் கிலோமீட்டருக்கும் பின்னால் எது? இதுதான் கேள்வி.

அக்கா தரையில் உட்கார்ந்தார். சைக்கிள்கள் விர்ரென்று போய்க்கொண்டிருந்தன. ஏற்றத்துக்கு ஏற்ற லேசான கியரை வைத்தால் செங்குத்தில் ஏறிவிடலாம். ஆனால் மீதமுள்ள பதினாறு பதினேழு கிலோமீட்டரும் இறக்கமும் சமதரையும்தான். அங்கே நூற்றுக்கு மேல் சுற்ற வேண்டியிருக்கும், மூச்சு திட்டும், நேரமும் போகும். சமதரைக்கு ஏற்றதை வைத்தால், முன்னால் சின்னதுக்கு மாற்றினாலும் ஏற்றத்தில் அறுபதுக்கும் கீழே அழுத்த வேண்டும். அது கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிற வேலை. இரண்டும் தப்பு. அந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தவருக்கு, கேள்வியையே தப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றியது. ஏற்றத்தில் மிதித்தே ஆகவேண்டும் என்று யார் சொன்னது? எல்லாரும். எத்தனை பேர்?

"ஏம்மா," என்று மஞ்சள் சட்டைப் பெண்ணைக் கேட்டார். "இறங்கித் தள்ளிட்டுப் போகலாமா? விதியில இருக்கா?"

அவள் யோசித்தாள். "சைக்கிள் கூடவே இருந்தா போதும் ஆன்ட்டி. தள்ளலாம். யாரும் தள்ளிப் பாத்ததில்லை."

அக்கா எழுந்தார். ஒரு கையால் கம்பியை இழுத்தார், மறு கையால் மிதிக்கட்டையைச் சுற்றினார். சங்கிலி கடகடவென்று உள்ளே ஏறியது. இப்போது இருக்கைப் பையிலிருந்த சாவியால் திருகை முறுக்க மூன்றாவது கை வேண்டும். மூன்றாவது கை இரண்டடி தள்ளி அக்குளில் இருந்தது. கம்பியின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்துப் பிடித்துக்கொண்டு, திருகை முறுக்கினார். கிரீஸ் உதட்டில் மீசை வரைந்தது. கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதையாவது பேசாவிட்டால் வெடித்துவிடுவார்போல, "வாஷிங் மெஷின் பாக்க ஆளு நாளைக்கு வர்றானாம்," என்றார்.

"ம்," என்றார் அக்கா, கம்பியைக் கடித்தபடியே.

நிமிர்த்தி ஏறி, இருபது மீட்டர் போய்ப் பார்த்தார். கால் காற்றில் ஓடியது, மிகவும் லேசு. திரும்பவும் இறங்கி, திருகைத் தளர்த்தி, கம்பியைக் கொஞ்சம் விட்டு, மறுபடி கடித்து, மறுபடி முறுக்கினார். இந்த முறை மிதித்ததும் காலுக்குள் ஏதோ பழகிய இடத்தில் போய் உட்கார்ந்தது. பிளாஸ்திரி போட்ட திரையைப் பார்க்கவில்லை. வலது முழங்காலை எண்ணினார். பதினைந்து விநாடியில் இருபத்தொன்று. எண்பத்து நாலு. மொத்தம் ஆறு நிமிடம் போயிருந்தது.

ஏற்றத்தின் மென்மையான பாதியை மிதித்துக் கடந்தார். செங்குத்து ஆரம்பித்த இடத்தில் இறங்கினார். சைக்கிளின் இருக்கையில் ஒரு கை, ஹேண்டில்பாரில் ஒரு கை, நீண்ட எட்டுகளாக நடந்தார். வெட்கமாக இருந்தது, பொய் சொல்வானேன். சாலை ஓரத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தவர்கள், இவர் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்கள். ஒரு கிழவர் மட்டும், "பஞ்சரா?" என்று கேட்டார். "இல்லைங்க, முடிவு," என்றார் அக்கா. பாதி ஏற்றத்தில் ஒரு விஷயம் புரிந்தது. தொடைக்கு இது ஓய்வு. முந்திப் போனவர்கள் முகங்கள் எல்லாம் செக்கச்செவேல் என்றிருந்தன, இவருடைய நாடி இறங்கிக்கொண்டிருந்தது. இதை நோட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டே உச்சிக்கு வந்துவிட்டார்.

சைக்கிளை நிறுத்தி ஓட ஆரம்பித்தபோது கடிகாரம் இரண்டு மணி நாற்பத்தொரு நிமிடம். பத்துக் கிலோமீட்டருக்கு எழுபத்தொன்பது நிமிடம் பாக்கி. முதல் நூறு மீட்டர் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார், அந்த மரக்கட்டை வருகிறதா என்று. வரவில்லை. கால்கள் கனத்தன, ஆனால் அவருடையவையாகவே இருந்தன. கேட்டதற்குப் பதில் சொல்லின.

ஆறாவது கிலோமீட்டரில் மஞ்சள் சட்டைகள் வரிசையாக நின்றன. அக்கா ஓடிக்கொண்டே தன் கணுக்காலில் இருந்த பட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். யாரும் கை நீட்டவில்லை. ஒருவர் தண்ணீர்க் கோப்பையை நீட்டினார், அவ்வளவுதான். ஏழில் தொண்ணூறு எதிரே வந்தார். அவர் எப்போதோ முடித்துவிட்டு, மெடல் கழுத்தில் ஆட, குழுவினரைத் தேடி வந்துகொண்டிருந்தார். அக்காவின் முகத்தில் கிரீஸ் மீசையைப் பார்த்துத் திகைத்தார். "அக்கா, என்ன ஆச்சு? இதே வேகத்துல போனா நாலு நிமிஷம் கையில இருக்கு, நடக்காதீங்க."

"நடக்கலை. அங்கேயே நடந்துட்டேன்," என்றார் அக்கா. அவருக்கு அது விளங்கவில்லை. விளக்க மூச்சு இல்லை.

எட்டில் வலது பாதத்தில் கொப்புளம் உடைந்தது. ஒன்பதில் காற்று எதிரே திரும்பியது. கையில் இருந்த நாலு நிமிடம் மூன்றாகி, இரண்டாகி, அதற்கும் கீழே போனது. கடைசி ஐந்நூறு மீட்டரை அவர் எண்ணாமல் ஓடினார். வாழ்க்கையிலேயே எண்ணாமல் கடந்த தூரம் அது ஒன்றுதான் என்று பின்னால் சொன்னார். கோட்டைத் தாண்டியபோது பெரிய கடிகாரம் மூன்று மணி ஐம்பத்தெட்டு நிமிடம் நாற்பது விநாடி காட்டியது.

யாரோ மெடலை மாட்டினார்கள். யாரோ ஈரத்துணியைக் கொடுத்தார்கள். கணவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இப்போது தொடலாம். ஆனால் என்ன செய்வது என்று தெரியாமல் அவருடைய உதட்டிலிருந்த கிரீஸைத் தன் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார். கிரீஸ் போகவில்லை, கன்னத்துக்கும் பரவியது. அக்கா அவர் தோளில் நெற்றியை வைத்து மூன்று முறை மூச்சுவிட்டார்.

தொண்ணூறும் குழுவினரும் ஓடி வந்தார்கள். மஞ்சள் சட்டைப் பெண் நடந்ததை எல்லோருக்கும் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். "வாங்க அக்கா, போட்டோ எடுக்கணும்," என்றார்கள். மேடையின் முன்னால் வரிசை நின்றது, அவருக்காக நடுவில் ஓர் இடமும் விட்டிருந்தது.

"கடைசியா எந்தக் கியர்ல வெச்சுக் கட்டினீங்க அக்கா?" என்று தொண்ணூறு கேட்டார்.

அக்கா விழித்தார். காலால் தேடிக் கண்டுபிடித்ததே தவிர, கண்ணால் பார்க்கவே இல்லை. "தெரியலையே தம்பி," என்றார். அப்படிச் சொல்லும்போதே முகம் மாறிவிட்டது.

"வெயிலா இருக்கு, சீக்கிரம் வாங்க," என்று கேமரா வைத்திருந்தவர் கூப்பிட்டார். அக்கா எதிர்ப்பக்கம் நொண்டிக்கொண்டு போனார். சைக்கிள்கள் வரிசையாகத் தொங்கிய கம்பியின் அடியில், தன்னுடையதன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார். குனிந்ததும் மெடல் முன்னால் ஊஞ்சலாடிக் கண்ணை மறைத்தது. அதைப் பிடித்து முதுகுப்புறம் தள்ளிவிட்டு, சங்கிலி உட்கார்ந்திருந்த சக்கரத்தில் விரல் நகத்தை வைத்து, ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணத் தொடங்கினார்.